பணி முடிந்த பிறகு

காலை ஒன்பது மணிக்கே இசிஜி அறை வாசலில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நான்காவது ஆளுக்குப் பசை தடவி, மார்பில் ரப்பர் குமிழ்களை ஒவ்வொன்றாக அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தாள். மூட்டை தூக்குகிற ஆள். நெஞ்சு முழுக்க முடி. குமிழ் பிடிக்காமல் நழுவி நழுவி விழுந்தது.

"மூச்சைப் பிடிக்காதீங்க. சும்மா தூங்குற மாதிரி இருங்க."

"தூங்கினா கூலி யாரும்மா குடுப்பா?" என்றார் அவர்.

சுவரிலிருந்த போன் அடித்தது. அவசரப் பிரிவு நர்ஸ். "அக்கா, மெஷினைத் தள்ளிக்கிட்டு சீக்கிரம் வாங்க. போலீஸ்காரர் ஒருத்தர் நடந்தே வந்து வாசல்ல விழுந்துட்டார்."

மூட்டைக்காரரின் குமிழ்களைப் பிடுங்கிவிட்டு அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். மூன்று நாளாகப் பெய்த மழையில் தாழ்வாரமெல்லாம் ஈரம். ஒரு சக்கரம் மட்டும் எப்போதும் போல இடப்பக்கமே இழுத்தது.

திரைக்குள் நுழைந்ததும் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் பூட்ஸைத்தான் பார்த்தாள். கட்டில் போதாமல் இரண்டு பூட்ஸும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முழங்கால் வரை சேறு. அவள் புருஷனுக்கு ஸ்டேஷனில் நெட்டை என்றுதான் பெயர். தலைமைக் காவலராகப் பத்து வருஷம் ஆன பிறகும், தூரத்தில் வரும்போதே "நெட்டையண்ணன் வர்றாரு" என்பார்கள்.

அவள் கை நிற்கவில்லை. சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். ஈரப் பனியனைக் கத்தரியால் கீறினாள். கையிலும் காலிலும் கிளிப்பை மாட்டி, மார்பில் ஆறு குமிழ்களையும் ஒட்டினாள்.

"ஓசியில இசிஜியா?" என்றார் அவர். உதடு வெளுத்திருந்தது.

"பேசாதீங்க. கோடு ஆடும்."

"நேத்து சாயந்திரத்திலிருந்தே வலி இருந்துச்சு. ஒயர்லெஸ் மைக்குல சொன்னேன். ஆள் இல்லைன்னுட்டாங்க."

"பேசாதீங்கன்னு சொல்றேன்ல."

தாள் நகர்ந்து வந்தது. மேலே எழும்ப வேண்டிய இடத்தில் கோடு எழும்பாமல் நேராகக் கீழே இறங்கியிருந்தது. முதல் நான்கு குமிழிலும் அதே பள்ளம். இருபத்தொரு வருஷத்தில் அந்தப் பள்ளத்தை எத்தனையோ தாளில் பார்த்திருந்தாள். தாளைக் கிழித்தாள். பெயர், வயது, தேதி எழுதினாள். நேரம் 9.20 என்று எழுதி டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர் பார்த்துவிட்டு, ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊசி மருந்துக்குக் கத்தினார்.

பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அதுவரை குமிழ்கள் ஒட்டியேதான் இருந்தன. அவற்றைக் கழற்றுவதற்கு வேறு யாரையும் அவள் விடவில்லை.

உதவி கேட்டுப் போட்ட மனுவுக்குப் பதில் கடிதம் வருவதற்கு ஐந்து மாதம் ஆனது. அதே உறையில் போலீஸ் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லி இன்னொரு தாளும் இருந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து அவளுடைய நாத்தனார் உரக்கப் படித்தாள். நெட்டைக்கு ஒரே தங்கை. பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். எந்தத் தாளைக் கொடுத்தாலும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் மெஷினில் வைப்பாள்.

"'மேற்படி தலைமைக் காவலர் மாலை ஆறு மணிக்குப் பணி முடித்துச் சென்று, பதினாறு மணி நேரத்துக்குப் பிறகு, ஓய்வில் இருந்தபோது, இயற்கையான காரணத்தால் இறந்தார் என்பதால், பணி மரணத்துக்கான உதவிகள் பெறத் தகுதியில்லை.' என்ன அண்ணி இது? எந்த ஆறு மணி? எந்த ஓய்வு?"

"முந்தின நாள் விடியக்காலை போனவர். வீட்டுக்கு வரவே இல்லை."

"ஓய்வாம்ல! முழங்கால் சேத்தோட ஓய்வா எடுத்துக்கிட்டிருந்தான் எங்கண்ணன்?"

நர்சிங் படிக்கிற மகள் எழுந்து உள்ளே போனாள். அடுத்த பருவத்துக்கு விடுதியை விட்டுவிடுவதாக இரண்டு நாள் முன்புதான் சொல்லியிருந்தாள். நாத்தனாரிடமிருந்து அவள் கடிதத்தை வாங்கி மடித்து உறைக்குள் வைத்தாள். மறுபடி எடுத்தாள். 'ஆறு மணி' என்ற இடத்தை நகத்தால் கீறிக் குறி வைத்தாள்.

மறுநாள் இரண்டு பேரும் தலைமை அலுவலகத்துக்குப் போனார்கள். மூன்றாவது மாடி, கடைசி அறை. பிரிவு எழுத்தர் கோப்பைப் புரட்டினார். கெட்டவரில்லை. உட்காரச் சொன்னார், மின்விசிறியையும் அவர்கள் பக்கமாகத் திருப்பிவிட்டார்.

"ஸ்டேஷன் பதிவேட்டுல ஆறு மணிக்கு டூட்டி முடிஞ்சதுன்னு கையெழுத்து இருக்கும்மா. இதோ."

அவள் பார்த்தாள். புருஷனின் பெயர்தான். கையெழுத்து அவருடையதில்லை. அவர் தன் பெயரின் கடைசி எழுத்தை வாலைப் பிடித்து இழுத்தமாதிரி நீட்டுவார். இது உருண்டையாக, அழகாக இருந்தது. அதே மையில், அதே உருண்டையில், அந்தப் பக்கத்தில் பதினான்கு பேரின் கையெழுத்தும் இருந்தது.

"இது எல்லாமே ஒரே ஆள் போட்டது சார்."

"அதெல்லாம் நான் எப்படிம்மா சொல்ல முடியும்? வேற ஆதாரம் இருந்தா மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதுங்க."

"இசிஜி குடுத்திருக்கேனே சார். அதைப் படிச்சாலே தெரியுமே, எப்ப ஆரம்பிச்சதுன்னு."

எழுத்தர் கோப்பிலிருந்து ஒரு நீளத் தாளை எடுத்து இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். இளஞ்சிவப்புக் கட்டங்கள் மட்டும் இருந்தன. கோடு இல்லை. ஜன்னலோரம் வெயில் விழுகிற அலமாரியில் ஐந்து மாதம் கிடந்ததில் எல்லாம் வெளிறிப்போயிருந்தது. ஓரத்தில் பேனாவால் எழுதிய பெயரும் நேரமும் டாக்டரின் கையெழுத்தும் அப்படியே இருந்தன.

"நீங்க வெறுந்தாளைக் குடுத்திருக்கீங்கம்மா."

சூட்டில் பதிகிற தாள் நாளாக ஆக அழிந்துபோகும் என்பதை ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள்தான் சொல்லிக் கொடுப்பாள். நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வெறுந்தாளா?" நாத்தனார் எழுந்துவிட்டாள். "சார், காரியம் முடிஞ்ச மறுநாளே அண்ணி என் கடைக்கு வந்தாங்க. வந்து ஒரு வார்த்தை பேசலை. இந்தத் தாளை நீட்டினாங்க. நான் நாலு பிரதி எடுத்து வச்சேன். அழுதுக்கிட்டே எடுத்தேன், அதனால ஒண்ணு கோணலா இருக்கும். மூணு நேரா இருக்கும். எத்தனை வேணும்?"

எழுத்தர் முதன்முறையாகச் சிரித்தார். "ஒண்ணு போதும்மா. நேரா இருக்கிறதைக் கொண்டாங்க."

படியிறங்கும்போது நாத்தனார் கேட்டாள். "அண்ணன் மைக்குல சொன்னேன்னு சொல்லிச்சுன்னு சொன்னீங்கல்ல அண்ணி? மைக்குல சொன்னா அந்தப் பக்கம் யாராவது கேட்டிருக்கணும்ல?"

அவள் பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

கட்டுப்பாட்டு அறை அதே வளாகத்தில் பின்பக்கம் இருந்தது. ஒயர்லெஸ் இயக்குகிற பெண் காவலர் காலை ஷிப்ட் முடித்து வெளியே வரும் வரை இருவரும் மரத்தடியில் நின்றார்கள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் ஹெட்போன் வைத்துவைத்துக் காதோரம் முடி படிந்து போயிருந்தது. யாரென்று சொன்னதும் அவர் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார்.

"நான்தான் அன்னிக்கு டூட்டி," என்றார். "ஏழு அம்பதுக்குக் கூப்பிட்டார். பாலத்திலிருந்து பேசறேன், நெஞ்சு அடைக்குது, இடது கை தூக்க முடியலை, ஆள் மாத்தி விடுங்கன்னார். நான் ஸ்டேஷனுக்குச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் மைக்குல வந்தாரு. ஆள் இல்லை, காலையில பாக்கலாம்னுட்டாரு. உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாரு தெரியுமா? 'சரிங்கய்யா'ன்னாரு. அதையும் எழுதி வச்சிருக்கேன்."

"எழுதியிருக்கீங்களா?"

"ஒரு வார்த்தை விடாம எழுதணும். அதுதான எங்க வேலை." சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஆனா அந்த நோட்டு அஞ்சாறு மாசம்தான் இருக்கும். அப்புறம் காகிதக் கூழ் அரைக்கப் போயிரும். அடுத்த வாரம் மூட்டை கட்டுறாங்க."

நாத்தனார் வாயில் கை வைத்தாள்.

"நோட்டை நான் வெளியே குடுக்க முடியாது. குழு கேட்டா குடுக்கணும். தேதி, நேரம், பக்க எண் சொல்றேன், உங்க மனுவுல எழுதிக்குங்க. மனு போட்ட சீட்டை நாளைக்கே என்கிட்ட கொண்டுவந்து காட்டுங்க. 'விசாரணையில் உள்ளது, அழிக்கக்கூடாது'ன்னு அட்டையில சிவப்புல எழுதிடறேன். அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு."

"உங்களுக்கு ஏதும் தொந்தரவு வராதா?"

"வரும்," என்றார் அவர், பையை எடுத்துக்கொண்டே. "அஞ்சு மாசமா தலைக்குள்ள அந்தச் 'சரிங்கய்யா' கேட்டுக்கிட்டே இருக்கு. அந்தத் தொந்தரவை விடவா?"

அன்று சாயந்திரம் ஐந்து மணிக்குள் மனு எழுதி, மூன்று பிரதி எடுத்து, முத்திரை வாங்கினார்கள். அண்ணன் சாவைத் தவிர, நாத்தனார் கடையை அரை நாள் மூடியது கடந்த எட்டு வருஷத்தில் அதுதான் முதல் முறை.

பாலத்தில் நெட்டையோடு நின்ற காவலரை எல்லோரும் சோடாபுட்டி என்பார்கள். அத்தனை தடிமனான கண்ணாடி. அவரைத் தேடி அவள் நாற்சந்திக்குப் போனாள். போக்குவரத்தைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிவப்பு விளக்கு விழுந்த நேரத்தில்தான் ஓரமாக வந்தார்.

"அண்ணி, எனக்கு ரெண்டு பிள்ளைங்க. நான் வாயைத் திறந்தா எங்கயாவது தூக்கிப் போட்டுருவாங்க."

"சரிப்பா. கேட்டேன், அவ்வளவுதான்." போகத் திரும்பியவள் நின்றாள். "மூஞ்சி ஏன் இப்படி ஊதியிருக்கு? ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தா எட்டிப் பாரு. ஒரு இசிஜி எடுத்துத் தரேன்."

பத்து நாள் கழித்து அவர் வந்தார். சீருடையில்லாமல், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்தார். கண்ணாடி இல்லாத முகம் சின்னப்பிள்ளை முகம்போல இருந்தது. அவள் பசை தடவிக் குமிழ்களை ஒட்டினாள்.

"அண்ணி, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தவர் தானே நிறுத்திக்கொண்டார். "பேசக் கூடாதுல்ல? கோடு ஆடும்னு அண்ணன் சொல்லுவாரு."

அவள் மெஷினின் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேசுப்பா. ஆடினா ஆடட்டும்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆற்றில் தண்ணீர் பாலத்தின் விளிம்பைத் தொட்டது. தடுப்புப் போட்டு மறித்தார்கள். ஒரு பால் வேன் தடுப்பைத் தாண்டிப் போய்ப் பாலத்தின் நடுவில் சிக்கிக்கொண்டது. உள்ளே மூன்று பேர். இரண்டு போலீசும் வழியில் போன சில பேரும் கயிறு கட்டி இழுத்தார்கள். கயிற்றின் முன்முனை நெட்டையின் தோளில் இருந்தது. முக்கால் மணி நேரம். வேன் கரையேறியதும் நெட்டை தடுப்புக் கட்டையில் சாய்ந்து உட்கார்ந்தார். வேனில் இருந்த பெண் அவர் காலைத் தொட வந்தாள். "எழுந்திரும்மா, போய்ப் பாலைக் காய்ச்சு" என்றார். அதற்குப் பிறகுதான் மைக்கை எடுத்தார்.

"ராத்திரி முழுக்க உக்காந்தே இருந்தாரு அண்ணி. நான் போங்கண்ணேன்னு சொன்னேன். 'நீ ஒருத்தனா இங்க என்ன பண்ணுவ, கண்ணும் தெரியாது'ன்னாரு. காலையில எட்டு மணிக்கு ஆள் வந்துச்சு. பஸ் ஏத்தி விட்டேன். வீட்டுக்குப் போறேன்னுதான் சொன்னாரு. ஆஸ்பத்திரி நிறுத்தத்துல இறங்கிட்டாருபோல."

அவள் எழுந்து முக்காலியை ஓரமாகத் தள்ளினாள். "இப்ப அசையாம இரு" என்று பொத்தானை அழுத்தினாள். தாள் ஓடியது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. உப்பைக் குறை. தூங்கு."

"டூட்டி போட்டா எங்க அண்ணி தூங்கறது?" என்றார் அவர், குமிழ் பட்ட வட்டங்களைத் துடைத்தபடி. குழுவுக்கு வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் போய்விட்டார்.

குழுவின் அறையில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதியம்மா. வலப்பக்கம் காவல்துறை மருத்துவர். இடப்பக்கம் இருந்த கணக்கு அதிகாரி பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். சுவரோரம் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் அவளும் நாத்தனாரும். வக்கீல் இல்லை.

மருத்துவர்தான் தொடங்கினார். "உங்க கணவருக்கு ரத்த அழுத்தம் இருந்திருக்கு. ரத்தக்குழாய் அடைப்புங்கிறது ஒரு நாள்ல வர்றதில்லை. வருஷக்கணக்கா உள்ள இருக்கும். எங்க வேணா வந்திருக்கும், வீட்டுல டிவி பாத்துக்கிட்டிருந்தாலும் வந்திருக்கும்."

"அடைப்பு பழசா இருக்கலாம் சார். அட்டாக் என்னைக்கு வந்ததுன்னு தாள் சொல்லும்."

"நீங்க டாக்டரா?"

"இல்லை சார். இருபத்தொரு வருஷமா நான் எடுக்கறேன், டாக்டருங்க படிக்கறாங்க." அவள் எழுந்து போய்ப் பிரதியை அவர் முன்னால் வைத்தாள். "நான் சொன்னா செல்லாது. பொண்டாட்டி எடுத்ததுன்னு சொல்வீங்க. டூட்டி டாக்டர் கையெழுத்து இருக்கு, நேரம் இருக்கு. நீங்களே படிச்சுச் சொல்லுங்க சார். நீங்க என்ன சொல்றீங்களோ அதை நான் ஒத்துக்கறேன்."

நாத்தனார் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மருத்துவர் தாளைக் கையில் எடுத்தார். முதலில் சும்மா பார்த்தார். பிறகு கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்த ஸ்கேலை எடுத்து ஒரு பள்ளத்தின் அகலத்தை அளந்தார். அடுத்ததையும் அளந்தார். அறையில் கணக்கு அதிகாரியின் பேனா மூடி சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"சொல்லுங்க டாக்டர்," என்றார் தலைவர்.

"இது..." மருத்துவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது அப்ப வந்த அட்டாக் இல்லைம்மா. இந்த மாதிரிக் குழி விழறதுக்கு நேரம் ஆகும். தசை செத்துப்போன அடையாளம் இது. பத்து மணி நேரத்துக்குக் குறையாது. பன்னிரண்டுன்னாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்."

"அப்படின்னா முந்தின நாள் சாயந்திரமோ, ராத்திரியோ."

"ஆமாம்மா." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நல்லா எடுத்திருக்கீங்க. ஒரு கோடுகூட ஆடலை."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "ஆனா மேடம், ஆறு மணிக்கே அவர் டூட்டி முடிச்சிட்டார். பதிவேடு இருக்கு. அதுக்கப்புறம் அவர் எங்க இருந்தார், என்ன செஞ்சார்னு துறைக்குத் தெரியாது."

தலைவர் தன் முன்னாலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் தலையசைத்தார். ஒயர்லெஸ் பெண் காவலர் உள்ளே வந்தார். கையில் தடித்த நோட்டு, அட்டையில் சிவப்பு மை. பக்கத்தைத் திறந்து, செய்தி படிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் படித்தார்.

"மாலை ஏழு ஐம்பது. பாலம் காவல் பணியிலிருந்து தலைமைக் காவலர். நெஞ்சு அடைப்பதாகவும் இடது கை தூக்க முடியவில்லை என்றும் மாற்று ஆள் வேண்டும் என்றும் தெரிவித்தார். நிலையத்துக்குத் தகவல் தரப்பட்டது. ஏழு ஐம்பத்து நான்கு. ஆய்வாளர் பதில்: ஆள் இல்லை, காலையில் பார்க்கலாம். ஏழு ஐம்பத்து ஐந்து. தலைமைக் காவலர் பதில்: சரிங்கய்யா."

நோட்டை மூடினார். இன்ஸ்பெக்டரின் கால் தரைக்கு இறங்கியிருந்தது.

"ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனவர் ஏழு அம்பதுக்கு எப்படிப் பாலத்திலிருந்து பேசினார்?" என்று தலைவர் கேட்டார்.

"மேடம், அது... வேற யாராவது அவர் பேர்ல..."

"நான் இருந்தேன்மா."

குரல் வாசலிலிருந்து வந்தது. சோடாபுட்டி முழுச் சீருடையில், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். கண்ணாடி வியர்வையில் பனித்திருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"நான் பக்கத்துல இருந்தேன். மறுநாள் காலை எட்டு மணி வரைக்கும் ரெண்டு பேரும் பாலத்துலதான் இருந்தோம். அந்தப் பதிவேட்டுல என் கையெழுத்தும் ஆறு மணிக்கு இருக்கும். நான் போட்டதில்லை. எங்க யாருக்கும் நாங்க போடறதில்லைம்மா. எட்டு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கினா மேல கேள்வி வரும்னு ஸ்டேஷன் ரைட்டரே எல்லாருக்கும் போட்டுருவார்."

"யார் சொல்லி?"

அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். ஒரு வினாடிதான். "அய்யா சொல்லித்தான்."

தலைவர் எழுதத் தொடங்கினார். வெகு நேரம் எழுதினார். பேனாவை வைத்துவிட்டு, "நீங்க போகலாம்மா. தீர்ப்பு எழுத்துல வரும்," என்றார். பிறகு மெதுவாக, "பயப்படாமப் போங்க," என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் நாத்தனார் சோடாபுட்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். "உன் பிள்ளைங்களுக்குப் பத்தாவது முடிக்கிற வரைக்கும் என் கடையில ஜெராக்ஸ் இலவசம்!"

"அவங்க ஒண்ணாவது, மூணாவதுதாங்க்கா படிக்கறாங்க."

"அப்ப நான் மாட்டிக்கிட்டேன்," என்றாள் நாத்தனார். அதைக் கேட்டு அவளும், நெட்டை போன பிறகு முதன்முறையாக, சத்தமாகச் சிரித்தாள். சிரிப்பு வந்த வேகத்தில் கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஒயர்லெஸ் காவலரும் சேர்ந்துகொண்டார். தாழ்வாரத்தின் மறுகோடியில் யாரோ எட்டிப் பார்த்து, "உஷ்" என்றார்கள். நான்கு பேரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மூன்று வாரத்தில் உத்தரவு தயார் என்று சொல்லியனுப்பினார்கள். மகளும் கூட வந்தாள். மூன்றாவது மாடிப் படியேறும்போதே சத்தம் கேட்டது. தாழ்வாரம் நெடுகப் பெண்கள். பெஞ்சில் இடமில்லாமல் படியிலும் சுவரோரமும் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் வயதானவர்கள். ஒருத்தி மடியில் கைக்குழந்தை. ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை.

எழுத்தர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உத்தரவை இரண்டு கையாலும் நீட்டினார். மகள் வாங்கிப் படித்தாள். பணியின்போது ஏற்பட்ட மரணம். ஓய்வு வயது வரை முழுச் சம்பளம். அதுவரை குடியிருப்பு. பிள்ளையின் படிப்புச் செலவு. ஆய்வாளர் மீது துறை விசாரணை.

"கடைசிப் பத்தியைப் படிம்மா. அதுக்காகத்தான் இவங்களையும் வரச் சொல்லியிருக்கோம்," என்றார் எழுத்தர்.

மகள் படித்தாள். "'நிலையப் பதிவேட்டின் பணி நேரத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டு, மாரடைப்பால் இறந்த காவலர்களின் குடும்பங்களுக்குக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் மறுக்கப்பட்ட மனுக்கள் அனைத்தும் மறுபடி எடுத்து விசாரிக்கப்பட வேண்டும்.'"

அம்மாவின் கையைப் பிடித்தாள். விரலிலெல்லாம் இசிஜிப் பசையின் பிசுபிசுப்பு. அம்மா வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"ஜெயிச்சுட்டீங்கம்மா," என்றாள் மகள்.

வாசலோரம் நின்றிருந்த ஒரு அம்மாள் நெருங்கி வந்து அவள் தோளைத் தொட்டார். "நீங்கதானா? எங்க வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆச்சு. ஊர்வலத்துக்குக் காவல் போயிட்டு வந்து ஷூவைக் கழட்டறப்ப." தோளிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். அவள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

உள்ளறையிலிருந்து பியூன் கோப்புக் கட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். தூசி கிளம்பியது. மறுபடி உள்ளே போனார், மறுபடி வந்தார். எழுத்தர் ஒவ்வொரு கட்டின் நாடாவையும் அவிழ்த்து, மேலட்டையிலிருந்த காவலர் எண்ணை உரக்கப் படித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் தாழ்வாரத்தில் யாராவது ஒருத்தி எழுந்தாள். சில எண்களுக்கு யாரும் எழவில்லை. அவற்றைத் தனியே வைத்தார். மேசை நிறைந்தது. நாற்காலியில் அடுக்கினார்கள். பிறகு தரையில். எழுத்தருக்குக் கால் வைக்க இடமில்லாமல் போனது.

"இன்னும் எவ்வளவுய்யா இருக்கு?" என்று கேட்டார்.

பியூன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இது முதல் அலமாரிதான் சார்."